சிங்கப்பூரில் மசாஜ்: எந்த வலிக்கு எந்தக் கை

சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் ஆயுர்வேத நிலையத்தின் முகப்பில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பது என் வேலை. அழைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?" அடுத்து, "எந்த மசாஜ் நல்லா இருக்கும்?" உடம்புக்கு என்ன என்பது மூன்றாவதாகத்தான் வரும். பல நேரம் வரவே வராது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மசாஜ் செய்யலாமா என்பது முதலில். எதற்காக என்பது இரண்டாவது. வகை, இடம், விலை எல்லாம் அதற்குப் பிறகு. அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எந்தக் கேள்வியை விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பது தினமும் கண்ணில் படுகிறது.

1. இன்றைக்கு மசாஜ் செய்யலாமா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"வாயு பிடிச்சிருக்கு தம்பி, நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லு" என்று நெஞ்சையும் இடது தோளையும் காட்டுபவர்கள் உண்டு. நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ இறங்கும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது இருந்தாலும் அது எண்ணெய் தேய்க்கும் விஷயமே இல்லை. ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். வாயுவாகவே இருந்துவிட்டால் நல்லதுதான். அதை மருத்துவமனையில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிறதா? நீண்ட விமானப் பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம், பல நாள் படுக்கை இவற்றுக்குப் பின் அப்படி வந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோய் நம் ஆட்களிடம் அதிகம். அதனால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருக்கிறதா?" மரத்துப்போன பாதத்துக்கு அழுத்தமும் தெரியாது, சூடும் தெரியாது. கால் மசாஜில் மரக்குச்சியால் அழுத்தும்போது தோல் கிழிந்தாலும், ஊறவைக்கும் வெந்நீர் கொதித்தாலும் அவருக்கு உறைக்காது. குதிகால் வெடிப்பின் ஓரத்தில் தொடங்கும் சின்னப் புண் ஆறாமல் பெரிதாகிவிடும். இவர்களுக்குக் குச்சியும் வேண்டாம், சூட்டுக் கல்லும் வேண்டாம். கையால் மென்மையாக எண்ணெய் தடவினால் போதும். முன்னும் பின்னும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ரிவரோக்சபான், அப்பிக்சபான் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் பலமான அழுத்தம், கப்பிங் (கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சி இழுப்பது), குவா ஷா (மழுங்கிய சில்லால் தோலைச் சுரண்டித் தேய்ப்பது) எல்லாமே உள்ளுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். எலும்புத் தேய்மானம் (எலும்பு மெலிந்து எளிதில் முறிவது) உள்ள பாட்டிமார்களுக்கு முதுகில் ஏறி மிதிக்கும் வகைகள் கூடவே கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

முதுகுவலியோடு கால் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். அங்கே மணிக்கணக்கும் முக்கியம்.

காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத காயம் இருந்தால் சரியானபின் வாருங்கள்.

புதுச் சுளுக்கு தனிக் கதை. பந்து விளையாடிக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டவர் அன்று மாலையே "சுளுக்கு எடுக்க" வந்துவிடுவார். கிழிந்த தசைநாரைத் தேய்த்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் ஒத்தடம், ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது. அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

கர்ப்பிணிகள் வரலாம். ஆனால் பேறுகால மசாஜில் பயிற்சி பெற்றவர் கையில், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டபின், ஒருக்களித்துப் படுத்துத்தான். வயிறு பெரிதான பின் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும்.

2. எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்

"உடம்பு வலி" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. "மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் பிடிக்கிறது, கழுத்தைத் திருப்பினால் இழுக்கிறது" என்று சொன்னால் எந்த வகை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதில் பாதி முடிவாகிவிடும். இடம், எப்போதிருந்து, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, இந்த நான்கையும் ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். மசாஜால் தசை இறுக்கம் தளரும், வலி சில மணி நேரமோ சில நாளோ குறையும், உறக்கம் வரும், பதற்றம் அடங்கும். நாட்பட்ட கீழ்முதுகு வலியிலும் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய கால நிவாரணம்தான். அதுவே பெரிய விஷயம் என்று நினைப்பவன் நான். வலி குறைந்திருக்கும் அந்த இரண்டு நாளில் நடக்கலாம், உடற்பயிற்சி தொடங்கலாம்.

உடம்பின் நச்சை வெளியேற்றும், கொழுப்பைக் கரைக்கும், விலகிய முதுகுத்தட்டை உள்ளே தள்ளும் என்று விளம்பரங்களில் வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நச்சு நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ஓடியபின் சேரும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து எடுப்பதாகச் சொல்வதும் சரியில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் அது தானாகவே குறைந்துவிடும். ஓட்டத்துக்கு மறுநாள் வரும் தசைவலிக்கு மசாஜ் உதவுகிறது, ஆனால் காரணம் வேறு.

3. இப்போது வகையைத் தேர்ந்தெடுங்கள்

விலைப்பட்டியலில் இருபது பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். எண்ணெய் உண்டா இல்லையா, அழுத்தம் எவ்வளவு, உடம்பை இழுத்து வளைப்பார்களா, இந்த மூன்று கேள்வியில் எல்லாம் பிரிந்துவிடும்.

சுவீடிஷ், அரோமா, பாலி, ஜாவா

எண்ணெய் தடவி நீளமாக நீவுவதும் பிசைவதும் இவற்றின் அடிப்படை. அழுத்தம் மிதம். முதன்முதலாக மசாஜுக்குப் போகிறவர், தூக்கம் கெட்டவர், மனஅழுத்தத்தில் இருப்பவர் இங்கே தொடங்கலாம். பாலியிலும் ஜாவாவிலும் கட்டைவிரல் அழுத்தம் கொஞ்சம் கூட. அரோமா என்றால் மணமுள்ள எண்ணெய் சேரும், அவ்வளவுதான். வாசனை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் வாசனையில்லாத எண்ணெய் கேட்டு வாங்குங்கள். சூட்டுக் கல் மசாஜ் இதன் கிளை. உணர்ச்சி குறைந்த தோலுக்கு அது ஆகாது.

டீப் டிஷ்யூ, ஸ்போர்ட்ஸ்

முழங்கை, விரல் முட்டி கொண்டு மெதுவாக ஆழத்துக்கு இறங்கும் வகை. குறிப்பிட்ட இடத்தில் நாட்பட்ட இறுக்கம் இருப்பவருக்கும் மாரத்தான் பயிற்சியில் இருப்பவருக்கும் சரி. "எவ்வளவு வலிக்குதோ அவ்வளவு நல்லது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு. வலி அதிகமானால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். இறுகிய தசைக்குள் எந்த முழங்கையும் போகாது. ஓட்டப்பந்தயத்துக்கு முதல்நாளும் ஆழ்ந்த மசாஜ் வேண்டாம், கால் கனத்துவிடும்.

தாய் மசாஜ், ஷியாட்சு

தரையில் மெத்தை, தளர்வான பருத்தி உடை, எண்ணெய் கிடையாது. தாய் மசாஜில் உள்ளங்கை, முழங்கை, முட்டி, பாதம் எல்லாம் வேலை செய்யும். இடுப்பையும் தொடையையும் இழுத்து நீட்டுவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு இறுகியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். எண்ணெய் ஆடையில் படாததால் மதிய இடைவேளையிலும் போய் வரலாம். முதுகுத்தட்டுப் பிரச்சினை, மூட்டு மாற்று அறுவை, எலும்புத் தேய்மானம் இருந்தால் தவிர்க்கவும். ஷியாட்சு இதைவிட அமைதி. விரலழுத்தம் அதிகம், வளைப்பது குறைவு.

துய்னா, கப்பிங், குவா ஷா

சீன முறை. துய்னாவில் தள்ளுதல், உருட்டுதல், பிடித்தல், அழுத்துதல் எல்லாம் வேகமாக, பெரும்பாலும் துணியின் மேலேயே நடக்கும். கழுத்து, தோள், கீழ்முதுகுக்கு நறுக்கென்று வேலை செய்யும் கை. மென்மையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கப்பிங் செய்தால் வட்டத் தழும்புகள் ஒரு வாரம் பத்து நாள் வரை இருக்கும். மாநிறத் தோலில் கருஞ்சிவப்பாகத் தெரியும். திருமணத்துக்கு ரவிக்கை போடப்போகிறவர்கள் நாள் பார்த்துச் செய்துகொள்ளுங்கள்.

கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கு எடுக்க முன்வந்தால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அரிதாக என்றாலும், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. சலூனில் முடிவெட்டியபின் கொடுக்கும் சொடுக்குக்கும் இதே பதில்.

கால் மசாஜ்

பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள் போட்டிருப்பார்களே, அதுதான். நாள் முழுக்க நிற்கும் வேலை செய்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் கிடைக்கும் சுகம் வேறெதிலும் இல்லை. ஆனால் பாதத்தில் ஓரிடத்தை அழுத்தி, வலித்தால் "கிட்னி சரியில்லை" என்பார்கள். பாதத்தின் புள்ளிகளும் உள்ளுறுப்புகளும் அப்படி இணைந்திருப்பதற்குச் சான்று இல்லை. சுகத்துக்காகப் போங்கள். நோய் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

அப்யங்கம், கிழி, சிரோதாரா, தொக்கணம்

எங்கள் வீட்டுச் சமையல் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அப்யங்கம் என்பது உடம்பு முழுக்கச் சூடான தைலம் தேய்ப்பது. அழுத்தம் குறைவு, எண்ணெய் அதிகம். டீப் டிஷ்யூவுக்குப் பழகியவர்கள் "தடவி மட்டும்தானே விட்டாங்க" என்று குறைப்படுவார்கள். முடிச்சை அவிழ்க்கும் மசாஜ் இது இல்லை. வறண்ட தோல், வயதானவர்களின் மூட்டு இறுக்கம், உறக்கமின்மை இவற்றுக்கு இது. பல நிலையங்களில் தேய்த்தபின் நீராவிப் பெட்டியில் உட்கார வைப்பார்கள். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் இதய நோயாளிகளும் அதைத் தவிர்க்க வேண்டும்.

எந்தத் தைலம் என்று கேளுங்கள். மரபில் சுளுக்குக்கும் அடிபட்ட வலிக்கும் முறிவெண்ணெய், மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் கொட்டஞ்சுக்காதி, பிரசவித்த பெண்களுக்கு தான்வந்தரம், தசைப்பிடிப்புக்குக் கற்பூராதி. பெரும்பாலானவை நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் அடித்தளம் கொண்டவை. எள் ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சந்தேகமிருந்தால் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி மறுநாள் வரை பாருங்கள்.

இலைக்கிழி செய்வதைக் கிட்டே நின்று பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைத் துண்டும் சேர்த்து எண்ணெயில் வதக்கி, துணியில் கைப்பிடி வைத்து மூட்டை கட்டுவார்கள். அதைச் சூடான எண்ணெயில் ஒற்றி எடுத்ததும் சிகிச்சையாளர் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். பொறுக்கும் சூடு என்று தெரிந்தபின்தான் உங்கள் முதுகுக்கு வரும். புறங்கையில் வைத்துப் பார்க்காமல் நேரே முதுகில் வைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கிழி கீழ்முதுகுக்கும் முழங்காலுக்கும் நல்ல தேர்வு. இரண்டு கிழியை மாறி மாறிச் சூடாக்கி, ஆறவிடாமல் ஒத்த வேண்டும் என்பதால் விலை கூடுதல்.

சிரோதாரா நெற்றியில் எண்ணெயை ஒரே சீராக ஒழுகவிடுவது. தசைக்கு எதுவும் செய்யாது, மனத்துக்குத்தான். தலைமுடி எண்ணெயில் ஊறிவிடும், அன்று மாலை வேறு எங்கும் போகத் திட்டமிடாதீர்கள்.

சித்த மருத்துவத்தின் தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. வர்மப் புள்ளிகளைத் தொடுவது தேர்ந்த ஆசானிடம் மட்டும்.

மசாஜோடு சேர்த்து உள்ளுக்குச் சாப்பிட லேகியம், சூரணம் தந்தால் யோசியுங்கள். சில ஆயுர்வேத உள்மருந்துகளில் ஈயம் போன்ற கன உலோகங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அது தனி முடிவு, தனி மருத்துவரிடம்.

மலாய் ஊருட்

ஊருட் என்றால் மலாயில் மசாஜ். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து செய்யும் அம்மாக்களை எல்லா இனத்தவரும் அழைக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து, வயிற்றில் பெங்கோங் என்னும் நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். உடம்பு வலி, கால் வீக்கம், பால்கட்டிய மார்பின் கனம் இவற்றுக்கு இதம். கருப்பையைக் கையால் "தூக்கி வைப்பதாக" சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம், அது தானாகவே சில வாரத்தில் சுருங்கும்.

சுகப்பிரசவம் என்றால் ஒரு வாரம் கழித்துத் தொடங்குவது வழக்கம். சிசேரியன் என்றால் தையல் ஆறி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வயிற்றைத் தொடக்கூடாது. நல்ல கைக்காரர்கள் மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடுவார்கள், ஆகவே ஏழாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். குழந்தைக்கும் சேர்த்து எண்ணெய் தேய்க்கச் சொன்னால், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மூச்சுக்குழாய்க்குள் போன எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நிணநீர் மசாஜ்

மார்பகப் புற்று அறுவைக்குப் பின் கை வீங்குவோருக்கு மருத்துவமனை வழியாகச் செய்வது. மிக மென்மையானது. அழகு நிலையங்களில் "ஸ்லிம்மிங்" பெயரில் விற்பதும் இதுவும் ஒன்றில்லை.

4. இடத்தைச் சரிபாருங்கள்

சிங்கப்பூரில் உடற்பிடிப்பு (மசாஜ்) நிலையம் நடத்தப் பொதுவாகக் காவல்துறையின் உரிமம் வேண்டும். 2018 மார்ச் முதல் நடப்பிலிருக்கும் சட்டம் அது. உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, அதிலுள்ள பெயரும் வெளிப்பலகைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கண்ணாடிக்குக் கருப்புத்தாள் ஒட்டி, விலைப்பட்டியலே இல்லாமல், அறையை உள்ளிருந்து பூட்டினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உரிமம் என்பது கடைக்கு. கையின் தகுதி வேறு விஷயம். சீன மருத்துவர்களும் அக்குபங்சர் நிபுணர்களும் பாரம்பரியச் சீன மருத்துவர்கள் வாரியத்தில் பதிவு செய்திருப்பார்கள், இணையத்தில் பெயரைத் தேடலாம். ஃபிசியோதெரபிஸ்டுகள் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவானவர்கள். ஆயுர்வேதத்துக்கும் மலாய் ஊருட்டுக்கும் இப்படிச் சட்டப் பதிவேடு கிடையாது. எங்கே படித்தார், எத்தனை ஆண்டு செய்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்லவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

5. முன்பதிவில் கேட்கவேண்டியவை

ஆணா பெண்ணா யார் செய்வார் என்று முதலிலேயே கேளுங்கள். ஆயுர்வேத நிலையங்களில் பெரும்பாலும் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். மற்ற இடங்களில் சொன்னால்தான் ஏற்பாடாகும்.

"அறுபது நிமிடம்" என்றால் கை உடம்பில் படும் நேரமா, குளியலும் உடை மாற்றுவதும் சேர்த்தா? இரண்டாவது என்றால் உங்களுக்குக் கிடைப்பது நாற்பத்தைந்துதான்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியும் மேலே ஏறும். நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று நினைத்தது நூற்றிருபதுக்கு வந்து நிற்கும். ஹோட்டல் ஸ்பாக்களில் இது வழக்கம். டிப்ஸ் இங்கே கட்டாயமில்லை. கொடுக்க விரும்பினால் செய்தவரின் கையிலேயே கொடுங்கள்.

முதல் பிரிவில் உங்களுக்குப் பொருந்துவது ஏதாவது இருந்தால் அதையும் ஃபோனிலேயே சொல்லுங்கள். வந்து படுத்தபின் "பைபாஸ் பண்ணியிருக்கேன்" என்றால் அனுப்பத்தான் முடியும். உங்கள் பயணமும் வீண், எங்கள் நேரமும் வீண்.

6. கிளம்புவதற்கு முன்

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு நேரே மசாஜுக்கு வருகிறவர்கள் வாரக்கடைசியில் குறைவில்லை. குப்புறப் படுத்த ஐந்தாவது நிமிடம் நெஞ்சுக்கரிக்கும். முழுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் விடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், தலை சுற்றும்.

நகைகளை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் துணியில் சுற்றிக் கழுத்துக்கு மேலே ஒதுக்கச் சொல்லலாம். மஞ்சள் கயிறு என்றால் எண்ணெய் ஏறிவிடும், மாற்றுக் கயிறு வைத்திருப்பது நல்லது. அரைஞாண் கயிறு இடுப்பில் அழுத்தும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தைல மசாஜ் என்றால் பழைய உடை, ஒரு துண்டு கொண்டுவாருங்கள். கொட்டஞ்சுக்காதி வாசனையோடு எம்ஆர்டி ரயிலில் நின்றால் பக்கத்து இருக்கை காலியாகும்.

7. படுத்த பிறகு

உள்ளாடை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். போடலாம், அல்லது ஒருமுறை பயன்படுத்தும் உள்ளாடை தருவார்கள். வேலை நடக்கும் இடம் தவிர மற்ற உடம்பு துண்டால் மூடியிருக்க வேண்டும். எங்கே தொடவேண்டாம் என்பதை முன்பே சொல்லுங்கள்.

அழுத்தத்தைப் பத்துக்கு எத்தனை என்று மனத்தில் அளந்துகொண்டே இருங்கள். ஆறு, ஏழு போதும். மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்றால் எட்டைத் தாண்டிவிட்டது. சுருக்கென்று மின்சாரம் போல ஓடினால் அது நரம்பு. உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்வதற்கு மொழியும் ஒரு காரணம். சில சொற்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீனரிடம் "ச்சிங் யீ தியென்" என்றால் மெதுவாக, "தோங்" என்றால் வலி. மலாய்க்கார அம்மாவிடம் "பெலான் பெலான்", "சாக்கிட்". தாய்லாந்துக்காரரிடம் "பாவ் பாவ்", "ஜெப்". ஒரு சொல் போதும், கை உடனே இறங்கும்.

குளிரூட்டி முதுகில் அடித்தால் தசை தளராது. குறைக்கச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு துண்டு கேளுங்கள்.

நடத்தை தவறாகத் தோன்றினால் உடனே எழுந்துவிடலாம். பணம் வீணானதைப் பற்றி யோசிக்க வேண்டாம். காவல்துறையின் 999 என்ற எண் அதற்கும்தான்.

8. முகப்பில் பேக்கேஜ்

மசாஜ் முடிந்து கண் சொக்கி, கால் தரையில் பாவாமல் வெளியே வரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேக்கேஜ் விற்பார்கள். நானும் விற்கிறேன், அதனால் சொல்கிறேன்: அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மறுநாள் காலை உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். "இன்றைக்கு மட்டும்" என்ற சலுகை பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும்.

வாங்குவதாக இருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் சான்றிதழ் உள்ள நிலையமா என்று பாருங்கள். ஸ்பா, நலநிலையங்களுக்கான அந்தத் திட்டத்தில் ஐந்து நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு, பயன்படுத்தாத பகுதிக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். முன்பணத்துக்கும் பாதுகாப்பு உண்டு. கடை மூடினால் பணம் என்னாகும், காலாவதி எப்போது, வேறொருவர் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தகராறு வந்தால் அதே சங்கம் இருக்கிறது. அடுத்து சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

9. வீட்டுக்கு வந்தபின்

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததில் தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள்.

தைலத்தை உடனே கழுவ வேண்டியதில்லை. அரை மணி நேரம் விட்டு வெந்நீரில் பாசிப்பயற்று மாவு தேய்த்துக் குளிக்கலாம், சோப்பைவிட எண்ணெய் நன்றாகப் போகும். குளியலறைத் தரை வழுக்கும். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அடுத்து அவர்கள் நுழைவதற்குள் தரையைக் கழுவிவிடுங்கள்.

ஒன்றிரண்டு நாள் லேசான வலி இயல்பு. மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, வீங்கினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அளவு மீறி நசுக்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

10. மறுபடி எப்போது?

அலுவலகக் கழுத்துவலிக்கு வாரம் ஒன்றாக மூன்று தடவை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் நிம்மதி என்று குறித்து வையுங்கள். நாட்கள் கூடினால் இடைவெளியை இரண்டு வாரம், பிறகு மாதம் என்று நீட்டலாம்.

மூன்றுக்குப் பிறகும் அதே இரண்டு நாள்தான் என்றால், இன்னும் விலை கூடிய மசாஜைத் தேடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்த்து, பரிந்துரை வாங்கி ஃபிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அந்த வழியாகப் போனால் மானியமும் கிடைக்கும். மசாஜுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பயன்படுத்த முடியாது. சில நிறுவனங்களின் காப்புறுதி மட்டும் பதிவுபெற்ற சீன மருத்துவரின் ரசீதை ஏற்கும், மனிதவளப் பிரிவில் கேட்டுவிட்டுப் போங்கள்.